மஞ்சள் கவர்

எங்க லேப்ல ரிப்போர்ட் கொடுக்கிற கவுன்டர்ல பத்தொன்பது வருஷமா உக்காந்திருக்கேன். யாருக்கு என்ன வியாதின்னு என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளிய வந்ததில்ல. அதுல எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. அதை ஒரே நாள்ல என் அண்ணி இறக்கி வச்சுட்டாங்க.

அண்ணி ஒரு பள்ளிக்கூடத்தோட நிர்வாகக் கமிட்டியில இருக்காங்க. அன்னிக்குச் சர்க்கரை டெஸ்ட் ரிப்போர்ட் வாங்க வந்தவங்க, நேரா என் கண்ணாடி ஜன்னல்கிட்ட குனிஞ்சாங்க.

"எங்க கணக்கு டீச்சர் இங்க கட்டிக்கு டெஸ்ட் கொடுத்திருக்காளாமே? திங்கட்கிழமை அவளைத் தலைமையாசிரியை ஆக்கறதா இருக்கோம். புற்று கிற்றுன்னா இப்பவே வேற ஆளைப் போட்டுடலாம் பாரு."

"அண்ணனே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன் அண்ணி."

"நீ ஒண்ணும் திருவாய் மலர வேண்டாம் தாயே. அவ வரட்டும், எந்தக் கவர் கொடுக்கிறேன்னு பாத்துக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது.

எங்க லேப் வழக்கம் அது. எல்லாம் சரியா இருந்தா வெள்ளைக் கவர். டாக்டரை உடனே பாக்கணும்னா மஞ்சள், கவுன்டர்ல இருக்கிறவங்க சொல்ல மறந்துடக் கூடாதுன்னு. ஹால்ல காத்திருக்கிற அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். அடிப்பாவி! நான் வாயைப் பொத்திக்கிட்டிருந்த வருஷமெல்லாம் என் கை தண்டோரா போட்டுக்கிட்டிருந்திருக்கு. எத்தனை பேர் அந்த மஞ்சளை வாங்கின கையோட தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருப்பாங்க! எனக்கு வெக்கமா இருந்துச்சு.

டீச்சரோடது மஞ்சள்தான். தட்டுல தயாரா இருந்துச்சு. இன்னும் கால் மணி நேரத்துல வந்துடுவாங்க. வெள்ளைக்கு மாத்தினா பொய் சொன்ன மாதிரி. மாத்தலைன்னா அவங்க பிழைப்புல நானே மண்ணள்ளிப் போட்ட மாதிரி.

எழுந்தேன். தட்டுல இருந்த இருபத்தாறு ரிப்போர்ட்டையும் ஒண்ணு விடாம மஞ்சள் கவர்ல திணிச்சேன். டாக்டரைப் பாக்க வேண்டியவங்களுக்கு உள்ளேயே ஒரு சீட்டு வச்சேன். அப்புறம் ஹாலுக்கு வந்து தொண்டையைத் திறந்தேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! இன்னிலேருந்து எல்லாருக்கும் ஒரே நிறக் கவர்தான். நிறத்தைப் பாத்து யாரும் பயப்பட வேண்டாம். உள்ள சீட்டு இருந்தா மட்டும் டாக்டரைப் பாருங்க!"

மேனேஜர் ஓடி வந்தார். "யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"யாரைக் கேட்டு சார் இத்தனை வருஷம் ஊருக்குக் காட்டினோம்?"

எகிறிட்டேன், வேலை போனாலும் போகட்டும்னு. அவர் ஹாலைப் பாத்தார், என் கையில இருந்த கவரைப் பாத்தார். வெள்ளைக் கவர் வாங்கறதை நிறுத்திடலாம்னு முனகிட்டு உள்ள போயிட்டார்.

அண்ணிக்கும் மஞ்சள், டீச்சருக்கும் மஞ்சள். அண்ணி என்னை முறைச்ச முறைப்புல கண்ணாடியே விரிசல் விட்டிருக்கணும். திங்கட்கிழமை டீச்சர் தலைமையாசிரியை ஆயிட்டாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு அண்ணி மறுபடி ஜன்னல்ல வந்து நின்னாங்க.

"டீச்சர் கமிட்டியில தானாவே சொல்லிட்டா. ஆரம்பத்துலயே பிடிச்சுட்டாங்களாம், ஆபரேஷன் பண்ணினா சரியாயிடுமாம். ஆறு வாரம் லீவு கேட்டா. இந்த ரெண்டு மாசத்துல அவ வேலை பாத்த அழகுக்கு, மாட்டேன்னு சொல்ல யாருக்கும் வாய் வரல." குரலைத் தாழ்த்தினாங்க. "உனக்கு அன்னிக்கே தெரியும், இல்ல?"

"வரிசையில ஆள் நிக்கிறாங்க அண்ணி."

அவங்க நகரல. ரெண்டு பக்கமும் பாத்துட்டு, மடிச்ச காகிதம் ஒண்ணைக் கண்ணாடிக்கு அடியில தள்ளினாங்க. டாக்டர் எழுதின சீட்டு.

"எனக்கும் அதே டெஸ்ட் எழுதியிருக்கார்டி. எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே வேற லேப் இருக்கு. ஆனா உன்கிட்டதான் கொடுக்கணும்னு வந்தேன். உங்க அண்ணனுக்குக்கூட..."

"உக்காருங்க அண்ணி," அப்படின்னேன். "அண்ணனுக்கு நீங்க எப்பச் சொல்றீங்களோ, அப்பத்தான் தெரியும்."