அனிற்றாவின் ரிப்போட்

பலாங்கொடை டவுனில் ஒரு தனியார் லேபில் நிரோஷா வேலை செய்தாள். உள்ளறையில் இரத்தம், சிறுநீர் சோதித்து, அங்கிருந்த கம்ப்யூட்டரில் முடிவை அடிப்பாள். அது வயர் வழியாக முன்பக்கத்து டேட்டாபேசுக்குப் போய் ரிப்போட்டாக வெளியே வரும்.

2007இல் ஒருநாள் அவள் பகல் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, கவுண்டர் முன்னால் தெரேசம்மா தன் மகள் அனிற்றாவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். அனிற்றா, குவைத் வேலைக்கு மெடிக்கல் எடுக்க வந்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ரிப்போட்டில் கர்ப்பம் என்று இருந்தது. குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜன்ட் அதைப் பார்த்துவிட்டு, இவள் வேண்டாம் என்று போய்விட்டானாம்.

"அக்கா, அடிக்காதீங்க! நான்தான் சோதிச்சேன். ஒண்ணும் இல்ல!"

தெரேசம்மா கேட்கவில்லை. மகளை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

நிரோஷா டேட்டாபேசைத் திறந்து பார்த்தாள். அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், உள்ளறை கம்ப்யூட்டரின் முகவரியிலிருந்து முடிவு மாற்றப்பட்டிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரை அணைத்து, அறையைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோனவள் அவள்.

கம்ப்யூட்டர் திருத்தும் சுரேந்திரன், லேப்டாப்பை லேபின் வயரில் மாட்டியபடி மூலையில் உட்கார்ந்திருந்தான். அவன் அனிற்றா பின்னால் அலைந்ததும், அவள் முகங்கொடுக்காமல் போனதும் தோட்டத்துக்கே தெரியும்.

"நீயா?"

அவன் சிரித்தான். "ஒங்க மெஷின் முகவரிய போட்டு நான் அனுப்பினாலும், நீங்க அனுப்பினதுன்னுதான் டேட்டாபேஸ் எடுத்துக்கும். பாஸ்வேர்டு ஒண்ணும் கேக்காது. சொஃப்ட்வெயார் செஞ்ச கம்பெனிக்காரனுக்கே தெரியும். இப்ப எப்பிடிப் போவா குவைத்துக்கு?"

நிரோஷாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வருஷக்கணக்காகச் சீழும் மலமும் சோதித்தவளுக்கு இப்படி ஒருநாளும் வந்ததில்லை.

முதலாளியிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பிரின்ட் மிஸ்டேக்னு சொல்லி வேற ஒண்ணு குடு. சத்தம் போடாத. வெளிய தெரிஞ்சா யாரு வருவா?"

"அவன் வேற யாரோட ரிப்போட்டெல்லாம் மாத்தினானோ, சேர்?"

"ஒன் வேலையப் பாரு."

சரியான ரிப்போட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே தோட்டத்துக்குப் போனாள். அவர்கள் குடியிருந்த லயத்து வாசலில் எல்லாருக்கும் கேட்க, சுரேந்திரன் பெயரைச் சொல்லியே சொன்னாள். தெரேசம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கன்னம் வீங்கியிருந்த அனிற்றா தாய் பக்கம் திரும்பவேயில்லை.

ஏஜன்ட் அதற்குள் குவைத்துக்கு வேறு பிள்ளையை ஏற்றிவிட்டான். நிரோஷா அந்த லேபுக்குத் திரும்பிப் போகவில்லை. அங்கே இன்னமும் அதே சொஃப்ட்வெயார்தான், அதே சுரேந்திரன்தான் என்று பின்னொருநாள் கேள்விப்பட்டபோது, தன் வீட்டு வாசலுக்கு வந்து காறித் துப்பினாள்.