ஸ்விலெனா கொல்லர் தொழிலை விட்ட ஞாயிற்றுக்கிழமை

பல்கேரியாவின் ருசே நகரத்துப் பேக்கரியில் பனித்ஸா என்கிற பாலாடைக்கட்டிப் பலகாரம் விற்கும் ஸ்விலெனா, இணைய விளையாட்டுக்குள் நுழைந்துவிட்டால் பெரிய கொல்லர். அவள் அடித்த ஒவ்வொரு வாளிலும் அவள் பெயர் பொறித்திருக்கும். ஆனால் அவள் குழுவில் இப்போது நான்கு கொல்லர்கள். மருந்து காய்ச்சத்தான் ஆள் இல்லை.

"ஏம்மா, நாலு பேரும் சுத்தியலைத் தூக்கிட்டு நின்னா, பூதத்துகிட்ட அடிபட்டவனுக்கு மருந்து யாரு குடுக்கறது? உங்க அப்பனா?" என்று மைக்கில் கத்தினார் கிராசிமிர். டிராலிபஸ் ஓட்டுநர், குழுவின் தலைவர், வாய் கொஞ்சம் நீளம். "இன்னிக்கு ஆறு மணிக்குச் சண்டை. அதுக்குள்ள தொழிலை மாத்து. இல்லேன்னா வேற ஆளைச் சேத்துக்கறேன்."

"யோசிக்கறேன் அண்ணே."

"எட்டு மாசமா யோசிக்கிற. அடைகாக்குற கோழிகூட மூணு வாரத்துல எழுந்திருச்சிடுது."

அந்த விளையாட்டில் ஓர் ஆளுக்கு ஒரு தொழில்தான். விட்டால் கற்றதெல்லாம் அழிந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் அவள் தயங்கியது அதற்காக இல்லை. லியூபெனுக்காக.

லியூபென் அதே விளையாட்டில் சுரங்கம் தோண்டுபவன். பத்து வயதில் பெற்றோருடன் ஸ்பெயினுக்குப் போனவன். இரண்டு வருடம் அவன் தோண்டிக்கொண்டு வந்த இரும்பைத்தான் அவள் அடித்தாள். அடித்து முடியும்வரை பக்கத்திலேயே நின்று வம்பளப்பான். ஒருநாள் விளையாட்டின் துறைமுகத்தில் நின்றபோது எழுதினான்: "கோடையில ருசேக்கு வரலாம்னு இருக்கேன். உன்னைப் பாக்கத்தான். வரட்டுமா?"

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓர் எழுத்துகூட அடிக்க வரவில்லை. தன் பாத்திரத்தை ஆமாம் என்று தலையாட்ட வைத்தாள், ஒன்றுக்கு மூன்று தடவையாக. லியூபென் திரையிலிருந்து மறைந்துவிட்டான். அப்புறம் எட்டு மாதமாக அவன் வரவேயில்லை.

கேட்டவன் அவன், சரி என்றவள் இவள். ஓடிப்போனவன் பின்னால் போக ரோஷம் விடுமா? விடவில்லை. ஆனாலும் ஒருநாள் அவன் இரும்போடு வந்து நின்றால், தான் கொல்லராக இருக்க வேண்டுமே என்று சுத்தியலைப் பிடித்துக்கொண்டே கிடந்தாள். பைத்தியம்.

ஐந்தரை மணிக்குத் தொழில் மாற்றும் கூடத்துக்குப் போனாள். எல்லாவற்றையும் மறக்கச் சம்மதமா என்று திரை கேட்டது. வரமாட்டான், இனி எங்கே வரப்போகிறான் என்று சொல்லிக்கொண்டு அழுத்தினாள். கற்ற வித்தைகளின் பட்டியல் காலியானது. அழுகை வந்தது, அழுதாள்.

"அப்பாடா!" என்றார் கிராசிமிர். "இதை அப்பவே செஞ்சிருக்கணும். ஆளையே வேண்டாம்னவளுக்கு அவன் இரும்பு எதுக்கு?"

"யாரு யாரை வேண்டாம்னது?"

"நீதான், லியூபெனை. வரட்டுமான்னு கேட்டானாம், நீ முடியாதுன்னு தலையாட்டிட்டியாம். போறப்ப எங்கிட்ட சொல்லி மூக்கை உறிஞ்சினான். நீ வாயே தொறக்கலையா, நான் எதுக்குக் கிளறணும்னு விட்டுட்டேன்."

"அண்ணே! நான் இடமும் வலமுமா ஆட்டினேன்! நம்ம ஊர் ஆமாம்!"

கிராசிமிர் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் மைக்கில் கேட்டது. பல்கேரியாவில் இடவலமாக ஆட்டினால் ஆமாம், மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. ஊர் உலகமெல்லாம் ஒரு மாதிரி ஆட்ட, பல்கேரியர்கள் மட்டும் வேறு மாதிரி ஆட்டுகிற ஜாதி. இருபது வருடம் ஸ்பெயினில் இருந்தவனுக்கு அது மறந்துபோயிருந்தது.

"அவன் போன் நம்பர் எங்கிட்ட இருக்கும்மா, அனுப்பறேன். அழாதே," என்றார் கிராசிமிர். அவர் குரலே இறங்கிவிட்டது.

அவள் எழுதினாள்: "அது ஆமாம்டா. மூணு தடவையும் ஆமாம். நம்ம ஊர் ஆமாம், மடையா."

ஆறு மணியானது. சண்டை தொடங்கியது, அவள் போகவில்லை. கிராசிமிரும் கூப்பிடவில்லை. ஆறு பத்துக்குப் பதில் வந்தது.

"எட்டு மாசம் போச்சே ஸ்விலெனா. நான் இப்பவே திரும்ப உள்ள வந்துடறேன். எவ்வளவு இரும்பு வேணும், சொல்லு. நீ இன்னும் கொல்லர்தானே?"

காலிப் பட்டியலைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லிவிடலாம். அவன் தோண்டப் போவான், பொய் ஒரு நாளைக்காவது தாங்கும். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது அவன் இரும்பு இல்லை, அவன்தான்.

"இல்ல," என்று எழுதினாள். "முக்கால் மணி முன்னாடிதான் விட்டேன். இப்ப எனக்கு ஒரு ஆணிகூட அடிக்கத் தெரியாது. உள்ள வராதே லியூபென். ருசேக்கு வா."