நவுன்டார்ஃப் அழுத்திய விசை

ஆளுக்கொரு துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் போடும் எங்கள் காலனியில் வேலிச்செடி ஒரு மீட்டர் இருபத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல் வளரக் கூடாது. எங்கள் லைப்சிக் நகரத்தில் டிராம் வராமல் போகலாம், கோடையே வராமல் போகலாம், இந்தச் சட்டம் மட்டும் ஒரு நாளும் தவறாது. காரணம் எங்கள் சங்கத் தலைவர் எக்கார்ட் நவுன்டார்ஃப். வயது அறுபத்தெட்டு. காற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்கு அளவுகோல் இருக்கும். வேறு யாராவது வேலியோரம் குனிந்தால் பூவை முகர்கிறார்கள் என்று அர்த்தம். அவர் குனிந்தால் யாருக்கோ கடிதம் வரப்போகிறது என்று அர்த்தம்.

எனக்கு மூன்று கடிதம் வந்தது. முதலாவது, வேலி ஒரு மீட்டர் நாற்பது. இரண்டாவது, காய்கறிப் பாத்தி மொத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. மூன்றாவது என் வால்நட் மரம். அது காட்டு மரமாம், சிறு தோட்டத்துக்கு ஆகாதாம். மூன்று கடிதம் சேர்ந்தால் குத்தகையை ரத்து செய்யலாம். சனிக்கிழமை பொதுக்கூட்டத்தில் ஓட்டெடுப்பு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். முப்பத்தோரு வருடம் நான் கொத்திய மண் அது. அந்த ஆளை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று எழுதினால் காகிதம் தாங்காது.

அந்த வாரம் வியாழக்கிழமை மதியம் ஒன்று இருபதுக்கு அவர் என் தோட்ட வாசலில் நின்றார். பின்னால் ஒரு கைவண்டி. அதில் கம்பளியில் சுற்றிய கணினி, திரை, விசைப்பலகை. பழைய கம்யூனிஸ்ட் அரசாங்கம் இருந்தபோது நான் கணினித் தொழிற்சாலையில் இருந்தேன், பிறகு ஓய்வு பெறும்வரை பழுது பார்க்கும் கடையில் இருந்தேன். காலனியில் யாருடைய பெட்டி படுத்தாலும் என்னிடம்தான் வரும். இவருடையதும் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"தோட்டத் தோழர் சீக்மார், உங்ககிட்ட வர எனக்கே கூச்சமாத்தான் இருக்கு. ஆனா வேற யாருமில்ல" என்றார். எங்கள் சங்கத்தில் அப்படித்தான் கூப்பிட வேண்டும். குத்தகையைப் பிடுங்கப் போகிறவனும் தோழர்தான்.

பெட்டியை மேஜையில் வைத்து மின்வயரைச் செருகப் போனேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். மணி மூன்றாகட்டும் என்றார். ஒன்றிலிருந்து மூன்று வரை காலனியில் மதிய அமைதி. பெட்டியின் விசிறி சத்தம் போடும், தலைவரே விதியை மீறினால் நன்றாக இருக்காது என்றார். கைவண்டியின் சக்கரத்துக்குக்கூட எண்ணெய் போட்டுத்தான் தள்ளிக்கொண்டு வந்தாராம். இப்படி ஒரு பிறவியோடு ஒன்றரை மணி நேரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். புதன்கிழமை திரையில் ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது, கணினியை எழுப்பிவிடும் அடிப்படை நிரலான மதர்போர்டின் பயாஸைப் புதுப்பிக்கப் பரிந்துரைக்கிறோம் என்று. பரிந்துரை என்று அச்சில் இருந்தால் நவுன்டார்ஃபுக்கு அது உத்தரவு. உடனே செய்துவிட்டார். அதன் பிறகு விசிறி சுற்றுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது. மூன்று நிமிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்து, மின்சாரத்தைப் பிடுங்கி, மறுபடி போட்டிருக்கிறார். இப்படி மூன்று தடவை.

நான் சும்மா ஒரு வார்த்தைக்கு, என்ன அவ்வளவு அவசரம், சங்க வேலையா என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்தார். அவருக்கு ஒரே மகள், இனேஸ். இரண்டரை வருடத்துக்கு முன் புற்றுநோயில் போய்விட்டாள். அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, கடைசி மாதத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே அவள் அப்பாவுக்கென்று பத்து வீடியோ எடுத்து வைத்திருந்தாள் என்பது. தன்னுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒன்று, அதற்கு முன்னால் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். இவரும் பார்க்கவில்லை. விதி என்றால் விதிதானே. இரண்டு வருடத்தில் இரண்டைப் பார்த்திருந்தார். எட்டு மிச்சம். அவளுடைய போனை முறைப்படி அழித்துக் கழிவு மையத்தில் கொடுத்தாகிவிட்டது. எல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான்.

"நாளைக்கு அவ பொறந்த நாள்" என்றார். "அதான் உங்ககிட்டயே வந்துட்டேன்."

எனக்கு நெஞ்சு கொஞ்சம் இளகத்தான் செய்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த மூச்சிலேயே அவர், சங்கத்துப் படங்களும் அதில்தான் இருக்கின்றன என்றார். அளந்தபோது எடுத்த படங்கள், என் வேலி, என் மரம். எங்கள் சங்க விதிப்படி படத்தைக் கூட்டத்தில் காட்டாமல் யார் குத்தகையையும் ரத்து செய்ய முடியாது. இளகியது திரும்ப இறுகிவிட்டது.

மூன்று மணிக்கு மாதா கோயில் மணி அடித்ததும் மூடியைக் கழற்றினேன். கோளாறு ஒன்றும் பெரிதில்லை. பயாஸ் புதுப்பித்த பிறகு இந்த வகை போர்டு முதல் முறை எழும்போது ராம் என்ற நினைவகத்தை அடியிலிருந்து சோதித்துப் பழகிக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு மேலும் ஆகும். அதுவரை திரையில் ஓர் எழுத்துகூட வராது. இவர் ஒவ்வொரு தடவையும் பாதியில் கழுத்தை நெரித்திருக்கிறார். பதறிய காரியம் சிதறும் என்று சொல்லிக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டார். சங்கத் தலைவர் என் முன்னால் தலை குனிந்ததில் எனக்கு எவ்வளவு சுகம் தெரியுமா? அதனால் இன்னும் நாலு வார்த்தை கூடவே சொன்னேன்.

இரண்டு ராம் பட்டைகளில் ஒன்றைக் கழற்றினேன். போர்டின் சின்ன பேட்டரியை எடுத்துப் போட்டேன். மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு இருவரும் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் கை இரண்டு தடவை சுவிட்ச் பக்கம் போனது, இரண்டு தடவையும் தட்டிவிட்டேன். பதினோராவது நிமிடத்தில் திரை வெளுத்தது. ஆங்கிலத்தில் நாலு வரி.

அந்த வரிகளை நான் கடையில் நூறு தடவை பார்த்திருப்பேன். போர்டுக்குள் ஒரு பூட்டுச் சில்லு இருக்கிறது. டிஸ்க் மறையாக்கம் செய்து பூட்டப்பட்டிருந்தால் அதைத் திறக்கும் சாவி அந்தச் சில்லில்தான் இருக்கும். பயாஸ் மாறியதால் சில்லு கேட்கிறது: பழைய சாவிகளை அழிக்கட்டுமா, ஒய் (Y) அழுத்து. வைத்துக்கொள்ளட்டுமா, 'என்' (N) அழுத்து. அழித்தால் மீட்பு எண் இல்லாமல் டிஸ்க் திறக்காது என்றும் எச்சரிக்கிறது. 'என்' அழுத்தினால் ஒரே நிமிடம், இனேஸ் பேசுவாள். அவ்வளவுதான் வேலை.

நவுன்டார்ஃபுக்கு ஆங்கிலம் தெரியாது. எங்கள் காலத்துப் பள்ளியில் ரஷ்ய மொழிதான். நான் ஆங்கிலம் கற்றதெல்லாம் இயந்திரங்களோடு வந்த கையேடுகளில்.

திருடனுக்குப் பயந்து டிஸ்கை அவர் மறையாக்கம் செய்திருந்தது எனக்குத் தெரியும், பெஞ்சிலேயே பெருமையாகச் சொல்லியிருந்தார். மீட்பு எண்ணை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அன்று அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்திருந்ததாம், அதனால் கோப்பாகச் சேமித்தாராம். எங்கே? அதே டிஸ்கில். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டிய மனிதர் என் வேலியைச் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கிறார். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

எங்கள் நாட்டு விசைப்பலகையில் ஒய்யும் இசட்டும் இடம் மாறி இருக்கும். இங்கிலீஷ்காரனுக்கு ஒய் இருக்கும் இடத்தில் எங்களுக்கு இசட். கணினி முழுதாக விழித்த பிறகுதான் அதற்கு இது ஜெர்மன் விசைப்பலகை என்று தெரியும். அதற்கு முன்னால், பயாஸ் பேசும்போது, அதற்குத் தெரிந்தது இங்கிலீஷ் வரிசை மட்டும். நாங்கள் இசட்டைத் தட்டினால் அது ஒய் என்று எடுத்துக்கொள்ளும். தொழிலில் இருக்கிறவனுக்கு இது தெரியும். தலைவருக்குத் தெரியாது.

பெட்டிக்குள் கையை விட்டு ஒரு வயரைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை.

"என் கை உள்ள மாட்டியிருக்கு. நீங்களே ஒரு கீயைத் தட்டுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார். எழுத்தெழுத்தாகப் பார்த்தார். "இதுல ஒய்யின்னு ஒண்ணு போட்டிருக்கு, என்னுன்னு ஒண்ணு போட்டிருக்கு. எது?"

"ரெண்டும் வேணாம். ஒய் அழிச்சிடும், அந்தப் பக்கமே போகாதீங்க. இசட்டைத் தட்டுங்க. எதையும் மாத்தாம அப்படியே மேல போகும்."

அவர் ஒய் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிக் கண்டுபிடித்தார். அதன் மேல் தவறிக்கூடப் படக் கூடாதென்று இடது கையால் அந்த மூலையையே மூடிக்கொண்டார். பிறகு வலது சுட்டுவிரலால், குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போல, இசட்டை அழுத்தினார்.

பெட்டி ஒரு முறை அணைந்து எழுந்தது. நீலத்திரை வந்தது. இந்த முறை ஜெர்மனில்: நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணை உள்ளிடவும்.

அவருக்குப் புரிய வெகுநேரம் ஆனது. புரிந்த பிறகு சத்தம் போடவில்லை. அந்த எண் டிஸ்கில்தானே இருக்கிறது, டிஸ்கைத் திறந்து எடுத்துக்கொள்ளலாமே என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் நான் நிதானமாக விளக்கினேன். சில்லில் இருந்த சாவி ஏன் போனது என்றார். நீங்கள் மூன்று தடவை மின்சாரத்தைப் பிடுங்கினீர்களே, அதில் போயிருக்கும் என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன். ஏழு மணி வரை அவருக்காக உழைக்கிறவன் போல ராமை மாற்றினேன், வயரை மாற்றினேன், பழைய பயாஸைக்கூடத் திரும்ப ஏற்றினேன். எதுவும் பலிக்காது என்று தெரிந்தே ஒவ்வொன்றையும் செய்தேன். அவர் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஒரு தட்டு நிறைய கேக் கொண்டுவந்தார். அடியில் பாலாடைக்கட்டி, மேலே இனிப்பான முட்டைக் கலவை ஊற்றிச் சுட்டது, மகளுக்குப் பிடித்ததாம். அவள் பிறந்தநாளுக்கு வருடாவருடம் அவரே சுடுவாராம். போன இரண்டு வருடமும் வீடியோவைப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவாராம், இந்த வருடம் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்றார். "நாலு மணி நேரம் எனக்காக நின்னீங்க. அதை நான் மறக்க மாட்டேன்" என்றார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. படங்கள் ஒழிந்தன, தோட்டம் தப்பித்தது என்ற நினைப்பில் இன்னும் இனித்தது.

சனிக்கிழமை சங்கக் கூடத்தில் ஐம்பது பேர். நவுன்டார்ஃப் மேடைக்கு வந்து கோப்பு ஒன்றைப் பிரித்தார். என் வேலி, அதன் மேல் சாய்த்து வைத்த அளவுகோல். என் பாத்தி. என் வால்நட் மரம், நான்கு கோணத்தில். எல்லாம் வண்ணத்தில் அச்சடித்து, மூன்று பிரதி. அளந்த அன்றே அச்சடித்து வைத்துவிடுவாராம். அந்த ஆள் வாழ்க்கையில் அச்சடிக்காமல் விட்ட ஒரே காகிதம் அந்த நாற்பத்தெட்டு இலக்கம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓட்டெடுப்பில் நாற்பத்தொன்றுக்கு ஆறு. நவம்பர் முடிவதற்குள் நான் மரத்தை வெட்டி நிலத்தைக் காலி செய்ய வேண்டும்.

கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் நேரே என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"மனசுல வச்சுக்காதீங்க, தோழரே. விதி வேற, நீங்க செஞ்ச உதவி வேற. நான்தான் அவசரப்பட்டு கரென்ட்டைப் பிடுங்கிட்டேன். ராத்திரியெல்லாம் அதையே நெனச்சுட்டுக் கெடக்கேன்."

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ வெடித்தது. பேசாமல் வந்திருந்தால் அவர் சாகும்வரை தன்னையே திட்டிக்கொண்டிருப்பார், நான் அவருக்கு நல்லவனாகவே இருந்திருப்பேன். ஆனால் தோட்டமும் போய், செய்ததும் யாருக்கும் தெரியாமல் போவதா?

"கரென்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன். விசைப்பலகை, ஒய், இசட், சில்லு, எல்லாவற்றையும் கடையில் வாடிக்கையாளருக்குச் சொல்வது போல வரிசையாகச் சொன்னேன். "அந்த நேரத்துல இசட்டுதான் ஒய். தெரிஞ்சேதான் சொன்னேன். 'என்' கீயைத் தட்டியிருந்தா உங்க பொண்ணு நேத்தே பேசியிருப்பா."

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அதை மெதுவாகக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் எதையோ கணக்குப் பார்ப்பவர் போல என் முகத்தையே பார்த்தார்.

"இனேஸ் வீடியோ உள்ள இருக்குன்னு நான் சொன்னேனே," என்றார், "அது நான் கீயைத் தட்டுறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அவருக்கு நன்றாகவே நினைவிருக்கும். அந்த மதியத்தின் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நினைவிருக்கும். ஆனாலும் நான் அப்புறம்தான் என்று சொல்ல வேண்டுமென்று அவர் கண் கெஞ்சியது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

"முன்னாடி" என்றேன்.