புத்தூர் வளைவு

மூன்றாவது தடவையாக யசோதா திருத்தணி ஸ்டேஷன் பலகைக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தாள். தீப்பெட்டியில் பாதி அளவுதான் அந்தப் பலகை. பழைய எழுத்து வெள்ளைக்கு அடியிலிருந்து இன்னும் சாம்பலாகத் தெரிந்தது.

"இது காயணும். காஞ்ச பிறகு இன்னொரு பூச்சு. அப்பறம்தான் எழுத முடியும்" என்றாள்.

"எழுதும்போது தமிழ் மேல வர்ற மாதிரி எழுதுங்க டீச்சர்" என்றார் வக்கீல் பாலசுந்தரம்.

"அதெப்படி? தெலுங்கு மேலன்னுதானே போன வாரம் பேசினோம்?" என்று நாற்காலியை முன்னால் இழுத்தார் சுப்பராமி ரெட்டி. "ஏமண்டி கோவர்த்தனன், செக்ரட்டரி நீங்கதானே, சொல்லுங்க."

செக்ரட்டரி கோவர்த்தனன் யசோதாவின் புருஷன். ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். யாரையும் நோகடிக்காமல் பேசுவதையே பெரிய வேலையாக வைத்திருந்தவன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்குது" என்று ஆரம்பித்தான். யசோதா பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இனி சாயங்காலம் வரைக்கும் இதேதான்.

அது 1958ஆம் வருஷம். சித்தூர் கடைத்தெருவில் சிட்டிபாபுவின் ரேடியோ கடைக்கு மேல் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தோறும் மாடல் ரயில்வே கிளப் கூடும். கிளப் என்றால் ஐந்து பேர். பாலசுந்தரத்தின் மாமாவுக்கு மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை. அவர் கப்பல்காரர் ஒருவரிடமிருந்து வாங்கிக் கொடுத்த கரண்டில் ஓடும் என்ஜின்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். மேஜைக்கான பலகை ரெட்டி தன் மாந்தோப்பு மரத்தில் அறுத்துக் கொடுத்தது. டிரான்ஸ்பார்மரும் இடமும் சிட்டிபாபுவுடையவை. தகரத்தில் பெட்டிகள் செய்தது கோவர்த்தனன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சரான யசோதா காகிதத்தை ஊறவைத்து அரைத்து மலை செய்தாள், ஸ்டேஷன்கள் செய்தாள், நகரி மலையின் மூக்குப் பாறையைக்கூட விடாமல் செய்தாள்.

ரேணிகுண்டாவில் ஆரம்பித்து புத்தூர், வேப்பகுண்டா, நகரி, திருத்தணி வழியாக அரக்கோணம் வரை. அதுதான் அவர்கள் போட்ட லைன். போடும்போது யாருக்கும் எந்தச் சண்டையும் இல்லை. ஆந்திர ராஜ்யம் பிரிந்த நாளிலிருந்து எல்லைப் பேச்சு இருந்தாலும், மாடிக்கு அது ஏறி வந்ததில்லை. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகப்போகிறது, புத்தூரும் நகரியும் இங்கேயே இருக்கும் என்று பேப்பரில் அடிபட ஆரம்பித்த பிறகுதான் ஸ்டேஷன் பலகைகள் எல்லோர் கண்ணையும் உறுத்தின.

பாலசுந்தரத்துக்குச் சொந்த ஊர் திருத்தணி. ஆனால் தங்கச்சியைக் கொடுத்திருந்தது நகரியில். ரெட்டிக்குத் தோப்பு சித்தூர் பக்கம். ஆனால் மகளைக் கொடுத்திருந்தது திருத்தணியில். எது எந்தப் பக்கம் போனாலும் இரண்டு பேர் வீட்டிலும் ஒருவர் அந்தண்டை போய்விடுவார். அந்த வயிற்றெரிச்சலை இரண்டு பேரும் பலகையில் காட்டினார்கள்.

இதற்கு நடுவில் ரயில் ஓடவில்லை. புத்தூர் தாண்டினதும் ஒரு வளைவு. அங்கே அடிப்பலகை உள்வாங்கிவிட்டிருந்தது. என்ஜின் அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு கவிழும். எல்லோருக்கும் தெரியும். பலகையைக் கழற்றி வேறு போட ஒரு மத்தியானம் போதும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு மத்தியானம் மட்டும் வாய்க்கவேயில்லை. பாலசுந்தரம் கோபித்துக்கொண்டு என்ஜினைத் தோல் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவரைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்தால், ரெட்டி மேஜை மேல் கையை விரித்து வைத்து, "இது என் மரம், ஒருத்தரும் ஆணி அடிக்கக் கூடாது" என்பார்.

அன்றைக்கு மாலை வீட்டுக்கு நடக்கும்போது யசோதா புருஷனிடம் கேட்டாள்.

"ரெண்டு பேர் கிட்டயும் நியாயம் இருக்குதுன்னு சொல்லிக்கினே இருக்கறியே, வளைவைச் சரி பண்ணிட்டுப் பேசலாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா இன்னா ஆவும் தெரியுமா? வளைவு புத்தூர்ல இருக்குது. அதுல மொதல்ல கை வெச்சா, ஆந்திரா பக்கம் சாயறோம்னு பாலசுந்தரம் தப்பா எடுத்துக்குவாரு."

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "பலகை உள்வாங்கிக் கெடக்கிறதுக்கும் எல்லைக்கும் இன்னாய்யா சம்பந்தம்?"

கோவர்த்தனன் முன்னால் நடந்தான்.

இந்த நிலையில்தான் திருப்பதியில் நடக்கவிருந்த ஒரு கைத்தொழில் பொருட்காட்சிக்குக் கிளப்பைக் கூப்பிட்டார்கள். வளைவைச் சரி செய்ய இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது என்று யசோதா நினைத்தாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, லாரியில் ஏற்ற மேஜையை எந்த இடத்தில் இரண்டாக அறுப்பது என்று பேச்சு வந்தது. நகரிக்குத் தெற்கே அறுக்கலாம் என்றார் ரெட்டி. "ஓஹோ, எல்லையை இங்கயே போட்டுடறீங்களா?" என்று எழுந்தார் பாலசுந்தரம். அதோடு அந்த மத்தியானமும் போனது. கடைசியில் சிட்டிபாபு யாரையும் கேட்காமல், படிக்கட்டில் இறங்குகிற அளவு பார்த்து ஒரு நாள் காலையில் அறுத்து வைத்துவிட்டான். வளைவு அப்படியே இருந்தது.

திருப்பதியில் கொட்டகை போட்டு இவர்களுக்கு நல்ல இடமாகக் கொடுத்திருந்தார்கள். மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்த ஜனம் மேஜையைச் சுற்றி அடைத்துக்கொண்டு நின்றது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். "அதோ பார், நம்ம புத்தூர்!"

சிட்டிபாபு சுவிட்சில் கை வைத்துக்கொண்டு, "உடட்டுமா?" என்றான்.

அப்போது பொருட்காட்சிக் கமிட்டிக்காரர் ஒருவர் வேகமாக வந்தார். திருத்தணி பலகையைப் பார்த்தார். "இதை மூடிடுங்க. விவகாரம் தீராம இருக்குது. யாராவது வந்து கலாட்டா பண்ணினா யார் பதில் சொல்றது?"

"மூடறதா?" என்று பாலசுந்தரம் கத்தினார். "மூடினா எல்லாத்தையும் மூடுங்க!"

"புத்தூரை எதுக்கு மூடணும்? அதுல என்ன விவகாரம்?" என்றார் ரெட்டி.

சத்தம் பெரிதானது. கூட்டம் ரயிலை விட்டுவிட்டு இவர்களை வேடிக்கை பார்த்தது. கோவர்த்தனன் இருவருக்கும் நடுவில் நின்று, "கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

யசோதா மேஜையோரமாகக் குனிந்தாள். ரேணிகுண்டாவிலிருந்து ஒவ்வொரு பெயர்ப் பலகையாகப் பிடுங்கினாள். அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தப் பலகைகளில்தான் போயிருந்தன. அரக்கோணம் வரைக்கும் பிடுங்கி, முந்தானையில் போட்டு முடிந்தாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் ரெட்டி.

"நான் பொறந்தது வேப்பகுண்டாவுல" என்றாள் யசோதா. "வீட்டுல தமிழ் பேசினோம், பள்ளிக்கூடத்துல தெலுங்கு படிச்சோம். எந்த எழுத்து மேல வரணும்னு இத்தனை நாள்ல என்னை ஒருத்தர் கேட்டீங்களா? எழுது, அழி, எழுது, அழி. அவ்ளோதான். பலகையே வேணாம். சிட்டிபாபு, நீ உடு."

சிட்டிபாபு சுவிட்சைத் திருப்பினான். என்ஜின் ரேணிகுண்டாவிலிருந்து புறப்பட்டது. கூட்டம் "ஓ" என்றது. புத்தூரைத் தாண்டியது. வளைவில் சாய்ந்தது. நேராக மேஜைக்கு வெளியே உருண்டு, சிமெண்டுத் தரையில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

பாலசுந்தரம் மண்டிபோட்டு என்ஜினை எடுத்துப் பார்த்தார். முன் சக்கரத்தின் அச்சு வளைந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்து யசோதாவுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. அடுத்த கணமே அவர் ரெட்டியைப் பார்த்து, "உங்க மரம்தானே இது?" என்றார். "உங்க என்ஜின்தானே?" என்றார் ரெட்டி. இருவரும் அதையே பேசிக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே போய்விட்டார்கள்.

ஜனம் வந்துகொண்டே இருந்தது. "ரயில் எப்போ ஓடும்?" என்று கேட்டார்கள். வேறு வழியில்லாமல் யசோதா தகரப் பெட்டிகளைக் கையாலேயே தள்ளினாள். ஸ்டேஷன் வரும்போதெல்லாம் வாயாலேயே ஊர்ப் பெயர் சொன்னாள். கோவர்த்தனன் அந்தப் பக்கம் நின்று வாங்கித் தள்ளினான். பொருட்காட்சி முடிகிற வரைக்கும் இதுதான் கதி. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. ஒரு கிழவர், "கரண்டுல ஓடும்னு நோட்டீஸ்ல போட்டுக்கீது?" என்று கேட்டபோது, அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சித்தூருக்குத் திரும்பி வந்த பிறகு கூடிய முதல் கூட்டத்தில், பலகைகளைப் பிடுங்கியது சரியா தப்பா என்று பேச்சு ஆரம்பமானது. யசோதா எழுந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பேச்சு கெடையாது. வளைவுல வேற பலகை போடறது மட்டும்தான். யாரு வேலைக்கு வர்றீங்க? கை தூக்குங்க."

சிட்டிபாபு கையைத் தூக்கினான். பாலசுந்தரமும் ரெட்டியும் அவளை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப்போலப் பார்த்தார்கள். யசோதா கோவர்த்தனனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான், அப்புறம் மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"அப்போ எங்களுக்கு இங்க வேலை இல்ல" என்றார் ரெட்டி.

"இல்லவே இல்ல" என்றார் பாலசுந்தரம். இருவரும் ஒன்றாகவே படியிறங்கிப் போனார்கள்.

யசோதா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிரே இருந்த ஓட்டலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ரெட்டி கையை ஆட்டி எதையோ சொன்னார். பாலசுந்தரம் தலையை ஆட்டி மறுத்தார். மறுத்துக்கொண்டே தன் வடையைப் பிய்த்து ரெட்டியின் இலையில் வைத்தார்.

"பார்த்தியா?" என்றாள் புருஷனிடம். "நாமதான் முட்டாளுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். தெருவைக் கடந்து நேராக அந்த பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றாள்.

"என்ஜினைக் குடுங்க சார்."

"எதுக்கு?"

"வேலூர்ல லேத் பட்டறை இருக்குது. அச்சை நிமித்திக்கினு வர்றேன்."

"டீச்சர், அது..."

"உங்களுதுதான். யாரும் இல்லன்னு சொல்லல. உடைஞ்சத பையில வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

பாலசுந்தரம் ரெட்டியைப் பார்த்தார். ரெட்டி காப்பியைப் பார்த்தார். பிறகு பாலசுந்தரம் தோல் பையைத் திறந்து, துணியில் சுற்றிய என்ஜினை எடுத்து நீட்டினார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு யசோதா வேலூர் பஸ் ஏறினாள். பட்டறைக்காரர், "இவ்ளோ பொடிசா? ரெண்டு நாள் கழிச்சி வாங்கம்மா" என்றார். போனாள். "கரண்ட் இல்லம்மா" என்றார். மறுபடியும் போனாள். மூன்றாவது முறை அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்துவிட்டு, எழுந்து போய் வேலையை முடித்துக் கொடுத்தார். முடிக்க அவருக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலசுந்தரமும் ரெட்டியும் ஊரில் இல்லை. திருத்தணியில் எல்லைக் கூட்டங்கள் நடந்தன. ஒருவர் ஒரு கூட்டத்துக்கும் மற்றவர் எதிர்க் கூட்டத்துக்கும் போயிருந்தார்கள். ஒரே பஸ்ஸில்தான் போனார்கள் என்று சிட்டிபாபு சொன்னான்.

மூன்று பேருமாக வளைவைக் கழற்றினார்கள். கோவர்த்தனன் இழைத்துக் கொடுத்தான். சிட்டிபாபு ஆணி அடித்தான். யசோதா தண்டவாளத்தைத் திரும்பப் பதித்தாள். வெயில் ஜன்னலை விட்டு இறங்குவதற்குள் முடிந்துவிட்டது.

சிட்டிபாபு சுவிட்சைத் திருப்பினான். என்ஜின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு புறப்பட்டது. புத்தூர் வந்தது. யசோதா தன்னையறியாமல் கையை நீட்டினாள், விழுந்தால் பிடிக்க. விழவில்லை. வளைவில் சீராகத் திரும்பி, வேப்பகுண்டாவில் அவள் செய்த ஆலமரத்தின் பக்கமாகப் போய், நகரி மலையைச் சுற்றி, திருத்தணியைத் தாண்டி, அரக்கோணத்தில் போய் நின்றது.

கோவர்த்தனன் சிறு பிள்ளைபோலக் கை தட்டினான். சிட்டிபாபு அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். யசோதா அசையவில்லை. சந்தோஷம் வரும் என்றுதான் அவளும் இத்தனை மாதமாக நினைத்திருந்தாள். வந்தது கோபம்.

"இவ்ளோதானா?" என்றாள். "ஒரு மத்தியானம். இதுக்கா இந்தப் பாடு?"

"அதான் ஓடிடிச்சே" என்றான் கோவர்த்தனன். "அவங்க ரெண்டு பேரும் வந்ததும் காட்டலாம். ஒரு கூட்டம் போட்டு..."

அவள் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் அவன் அதோடு நிறுத்திக்கொண்டான்.

சிட்டிபாபு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "திருப்பி உடட்டுமா அக்கா? இந்தப் பக்கமா?"

யசோதா கையிலிருந்த பிசினைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ரெட்டி எப்போதும் உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உடு" என்றாள். "நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத."