சலாஹுதீன் வந்திருந்தார்

பெரியபட்டினம் சலாஹுதீன் மரைக்காயர் கப்பலேற வரவே இல்லை என்று கம்பெனிக்காரன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறான். வந்தார் ஐயா, வந்தார். ராமேஸ்வரம் தோணித்துறையில், பங்குனி வெயிலில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், காலையிலிருந்து நடுப்பகல் லுகர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்று விசிறிய மகள் மர்ஜானாவுக்கு அது தெரியும். டிக்கெட் விற்ற புதுமடம் தவ்ஃபீக்குக்குத் தெரியும். படைத்தவனுக்குத் தெரியும். கம்பெனிக்கு மட்டும் தெரியாதாம்.

குவைத் சிமெண்டு ஆலையில் ஆயுசில் பாதியைக் கழித்து, நுரையீரலை அங்கேயே தொலைத்துவிட்டு வந்த மனிதர். விமானத்தில் ஏறவே கூடாது என்று மதுரை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவருக்குக் கடைசிக் காலத்தில் ஒரே பிடிவாதம், இலங்கைக்குப் போக வேண்டும் என்று. மூத்த மகள் நூர் நிஷா அங்கே கற்பிட்டியில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளிடம் பொருத்தம் கேட்க வேண்டும்.

பெரியபட்டினம் கரையில் சாவு கிட்டத்தில் தெரிந்தால் மனிதர்கள் முதலில் செய்கிற காரியம் அது. யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர் முன்னால் போய் நின்று, செய்ததை வாய்விட்டுச் சொல்லி, பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்பது. அவர் பொருந்திக்கொண்டேன் என்றால் தீர்ந்தது, மறுமையில் கேள்வி இல்லை. இறைவனுக்குச் செய்த பிழையை இறைவன் மன்னிப்பான். மனுஷிக்குச் செய்ததை அந்த மனுஷிதான் மன்னிக்க வேண்டும்.

சலாஹுதீன் செய்த தீங்கு ஊரறிந்தது. பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பது அவர்கள் குடும்ப வழக்கம். நூர் நிஷாவுக்கென்று கட்டிய வீட்டை, அவள் கடல் தாண்டிப் போனதும், இனி இங்கே யார் இருக்கப் போகிறார்கள் என்று இளையவள் மர்ஜானா பேருக்கு எழுதிவிட்டார். மூத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு வாப்பாவின் போனை அவள் எடுத்ததே இல்லை. தங்கச்சியோடு பெருநாளைக்கு மட்டும் பேசுவாள், அதுவும் சலாம் சொல்லி சலாம் வாங்குவதோடு சரி.

"போன்லயே கேட்டுருங்களேன் வாப்பா. ராத்தாவ எப்படியாச்சும் எடுக்க வைக்கிறேன்" என்று மர்ஜானா சொல்லிப் பார்த்தாள்.

"வீட்ட மட்டும் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு நேர்ல போயி எழுதுனேன். பொருத்தத்த போன்ல கேக்கவா? அவ கையப் புடிக்கணும்மா."

அந்த நேரம் பார்த்துத்தான் முத்துத்துறை குரூஸ் என்ற கம்பெனி ராமேஸ்வரத்திலிருந்து கற்பிட்டிக்கு ஒரு சின்னச் சொகுசுக் கப்பல் விட்டது. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேனர். டிக்கெட் ஏஜெண்டு தவ்ஃபீக் வீட்டுக்கே வந்தான். "சிலிண்டர் கூடவே வச்சுக்கலாம் ராத்தா. கப்பல்ல டாக்டர் இருக்காரு. வாப்பாவ பூப்போல கொண்டுபோய் எறக்கிருவாக" என்றான். மர்ஜானா அக்காவுக்குச் சேதி சொன்னாள். நூர் நிஷா எந்தத் தேதி என்று கேட்டாள். பிறகு, "வரட்டும். வாசல்ல நிக்க வைக்க மாட்டேன்" என்றாள். அதைக் கேட்டதும் சலாஹுதீன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அன்று இரவு அவர் நன்றாகத் தூங்கினார்.

கம்பெனி செய்த வேலை என்னவென்றால், கப்பலில் இருக்கிற இடத்துக்கு மேல் டிக்கெட் விற்றிருந்தது. யாராவது கடைசி நேரத்தில் வராமல் போவார்கள் என்ற தைரியம். அன்றைக்குப் பார்த்து எல்லோரும் வந்துவிட்டார்கள். பெரிய சுற்றுலாக் கூட்டம் ஒன்றை முதலில் ஏற்றிக்கொண்டு, மிச்சம் பேரைத் தகரக் கொட்டகைக்கு வெளியே உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரம் என்றார்கள். பிறகு மெஷினில் கோளாறு என்றார்கள். கடைசியில் உங்கள் பயணம் ரத்து என்றார்கள். மெஷினில் கோளாறான கப்பல் ஊதிக்கொண்டு ஜோராகப் புறப்பட்டது.

"நம்ம கப்பலாம்மா போகுது?" என்று சலாஹுதீன் கேட்டார்.

"இல்ல வாப்பா. அது வேற" என்றாள் மர்ஜானா. அவரிடம் அவள் சொன்ன கடைசிப் பொய் அது.

காத்திருந்த நேரமெல்லாம் சிலிண்டர் தீர்ந்துகொண்டே வந்தது. பாம்பன் பாலத்தில் காருக்குள் அவர் உதடு நீலம் பாரித்தது. உச்சிப்புளி தாண்டும்போது மர்ஜானாவின் மடியில் தலை சாய்ந்துவிட்டது. "நூரு கைய" என்றார். அதோடு மூச்சு நின்றுவிட்டது.

அடக்கத்துக்கு மையத்தைத் தூக்குவதற்கு முன்னால் வழக்கப்படி ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் முற்றத்தில் நின்று கேட்டார். இவர் யாருக்கு என்ன குறை செய்திருந்தாலும் பொருந்திக்கொள்ளுங்கள் என்றார். கூடியிருந்த சனமெல்லாம் பொருந்திக்கொண்டோம் என்றது. அதைச் சொல்ல வேண்டியவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதும்போது தவ்ஃபீக் வந்தான். வாப்பா படுத்திருந்த கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். மர்ஜானா உள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"எடத்துக்கு மேல டிக்கெட் போட்டது எங்களுக்கு முன்னாடியே தெரியும் ராத்தா. பெரியவர முதல்ல ஏத்துங்கன்னு நான் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். கமிஷன் போயிரும்னு பயந்து சும்மா நின்னேன். வாப்பாவ வெயில்ல போட்டது நாந்தேன். பொருந்திக்கங்க ராத்தா." அழுதுகொண்டேதான் சொன்னான். அந்த அழுகை நிஜம் என்றுதான் மர்ஜானா இன்றைக்கும் நம்புகிறாள்.

அவள் என்ன செய்வாள்? முந்தாநாள்தான் ஊரே அவள் வாப்பாவுக்குப் பொருத்தம் கொடுத்திருந்தது. துக்க வீட்டில் ஒருத்தன் தரையில் உட்கார்ந்து கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? "பொருந்திக்கிட்டோம் தவ்ஃபீக். அல்லாவுக்காகப் பொருந்திக்கிட்டோம். போயிட்டு வா" என்றாள். அவன் சட்டைப் பையில் போன் விழித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

நாற்பதாம் நாள் ஓதி முடிந்த பிறகுதான் இடி விழுந்தது. நூர் நிஷாவின் மகன் ஆதில், கற்பிட்டியில் கம்பெனியின் ஆபீசுக்குப் போய் விசாரித்திருக்கிறான். அவர்கள் கொடுத்த தாளைப் படமெடுத்து அனுப்பினான். சலாஹுதீன், பயணி வரவில்லை. மர்ஜானா, பயணி வரவில்லை. ரத்து என்று எழுதினால் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும், வரவில்லை என்று எழுதினால் ஒன்றும் கொடுக்க வேண்டாம். அவ்வளவுதான் சூட்சுமம். கூட நின்ற மற்றவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள், டிக்கெட் காசு கிடைத்தால் போதும் என்று நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

நூர் நிஷா போனில் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"அவரு கெளம்பவே இல்லல்ல மர்ஜானா? நீ விடலல்ல? எங்க வந்து வீட்டத் திரும்பக் குடுத்துருவாரோன்னு பயந்துட்ட."

"குர்ஆன் மேல சத்தியமா வந்தாரு ராத்தா. தோணித்துறையில உக்காந்திருந்தாரு."

"ஒரு போட்டோ கூடவா இல்ல?"

இல்லை. கடற்படை இருக்கிற இடம் என்று சொல்லி வாசலிலேயே எல்லோர் போனையும் வாங்கிக் கூடையில் போட்டிருந்தார்கள்.

மர்ஜானா ராமநாதபுரத்தில் நுகர்வோர் வழக்குப் போட்டது அதற்காகத்தான். புருஷன் சதக் ஷார்ஜாவிலிருந்து, காசு வேண்டாம் விட்டுத் தொலை என்றான். காசு யாருக்கு வேண்டும்? சலாஹுதீன் வந்திருந்தார், நாங்கள்தான் ஏற்றவில்லை என்று கம்பெனி தன் கையால் எழுதித் தர வேண்டும். அதை அக்காவிடம் காட்ட வேண்டும். வக்கீல் உமாமகேஸ்வரி நல்ல சுறுசுறுப்பான பெண். தோணித்துறைக் கேமராப் பதிவைக் கேட்டு மனுப் போட்டாள். மாதம் ஒன்று ஆனால் தானாக அழிந்துவிடும் என்று பதில் வந்தது.

விசாரணை நாளன்று உமாமகேஸ்வரி அவளை வராந்தா ஓரத்துக்குக் கூட்டிப் போனாள். முகம் சரியில்லை.

"அந்தத் தவ்ஃபீக் வீட்டுக்கு வந்தப்ப ஏதாச்சும் சொன்னீங்களாம்மா? ரெக்கார்டிங் வச்சிருக்காங்க."

மர்ஜானா சொன்னாள். உமாமகேஸ்வரி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "கதவுக்குப் பின்னாடி நின்னுதான பேசுனீங்க? மூஞ்சி தெரியாதுல்ல. எங்குரல் இல்லன்னு சொல்லிருங்க. பொம்பளைக நெறைய பேரு இருந்த வீடு. ஒரே வார்த்தைதான், மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

உள்ளே கம்பெனி வக்கீல் எழுந்து போனை மேசையில் வைத்துப் போட்டுக் காட்டினார். பொருந்திக்கங்க ராத்தா என்ற இடத்தில்தான் அது ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அவன் சொன்னது எதுவும் இல்லை, வெட்டி எடுத்திருந்தார்கள். அடுத்து அவள் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. பொருந்திக்கிட்டோம் தவ்ஃபீக். அல்லாவுக்காகப் பொருந்திக்கிட்டோம்.

"அவங்களே மன்னிச்சு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் எதுக்குங்க நஷ்ட ஈடு?" என்றார் கம்பெனி வக்கீல், ரொம்ப மரியாதையாக.

நுகர்வோர் ஆணையத் தலைவர் மர்ஜானாவைப் பார்த்தார். "இது உங்க குரலாம்மா?"

உமாமகேஸ்வரி குனிந்து எதையோ எழுதுவதுபோல இருந்தாள். மர்ஜானாவுக்கு வாப்பாவின் நீலம் பாரித்த உதடு கண்ணில் வந்தது. ஒரே ஒரு பொருத்தத்துக்காகச் சாகிற உடம்போடு கடல் தாண்டக் கிளம்பியவர். அவர் மகள், தான் கொடுத்த பொருத்தத்தைக் கொடுக்கவே இல்லை என்று எப்படிச் சொல்வாள்? சொன்னால் வாப்பா வந்தார் என்று சொல்வதும் பொய்யாகத்தானே போகும்?

"என் குரல்தான். பொருந்துனேன்" என்றாள். "ஆனா என்ன செஞ்சோம்னு சொல்லாம எங்கள்ல யாரும் பொருத்தம் கேக்க மாட்டாகய்யா. அவன் சொன்னான். எடத்துக்கு மேல டிக்கெட் வித்தத சொன்னான், வாப்பாவ வெயில்ல போட்டத சொன்னான். அது இந்தப் போன்ல இல்ல. அவன் அங்கனதான் உக்காந்திருக்கான், கேளுங்க."

கேட்டார்கள். தவ்ஃபீக் எழுந்து நின்றான். அவனை ராமேஸ்வரம் ஆபீசில் மேனேஜராகப் போட்டிருந்தார்கள், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. தரையைப் பார்த்தபடியே சொன்னான். "அன்னைக்குக் கூட்டமா இருந்துச்சுங்கய்யா. பெரியவரு வந்தாரான்னு நான் கவனிக்கல. துக்க வீடுன்னு சும்மா ஆறுதலாப் பேசுனேன்."

வழக்கு அதோடு படுத்துவிட்டது. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதம் என்றது கம்பெனி. நல்லெண்ணத்துக்காக இரண்டு இலவசப் பயணச் சீட்டும் தந்தது. "ஒரு வருஷத்துக்குள்ள எப்ப வேணும்னாலும் போகலாம். யாரு பேர வேணும்னாலும் எழுதிக்கலாம்" என்று கம்பெனி வக்கீல் தாராளமாகச் சொன்னார். வரவில்லை என்ற பதிவை மாற்ற ஆதாரம் இல்லாததால் அது அப்படியே இருக்கும். உமாமகேஸ்வரி கண் கலங்கி, "மேல போகலாம்மா" என்றாள், ஆனால் அவள் குரலில் தெம்பு இல்லை.

வாசலில் வேப்பமரத்தடியில் நின்று மர்ஜானா அக்காவுக்குப் போன் போட்டாள்.

"என்ன ஆச்சு?"

"டிக்கெட் காசு குடுத்தாக ராத்தா."

"வாப்பா வந்தாருன்னு எழுதுனாகளா?"

"இல்ல."

அந்தப் பக்கம் ஆட்டோ ஒன்று போகிற சத்தம் கேட்டது. யாரோ மீன்காரனைக் கூப்பிட்டார்கள். "சரி. வைக்கிறேன்" என்றாள் நூர் நிஷா. பெருநாளைக்கும் இனி அந்தப் போன் எடுக்கப்படாது என்று மர்ஜானாவுக்குப் புரிந்தது. வாப்பாவை ஒரு தரம் அடக்கம் செய்தாயிற்று, இன்றைக்கு இன்னொரு தரம்.

பின்னால் செருப்புச் சத்தம். தவ்ஃபீக் நின்றிருந்தான். அட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தான்.

"புள்ளகுட்டிக்காரன் ராத்தா. வேல போயிருச்சுன்னா தெருவுலதான் நிக்கணும். உள்ள சொன்னது பொய்தான். அல்லாவுக்குத் தெரியும். பொருந்திக்கங்க."

மர்ஜானா அவன் சட்டைப் பையைப் பார்த்தாள். அவன் அவசரமாகப் போனை எடுத்து, அணைந்திருக்கிறது என்று காட்டினான்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது, இறங்கவும் செய்தது. உறையிலிருந்து அந்த இலவசச் சீட்டில் ஒன்றை உருவி நீட்டினாள்.

"இந்தா, புடி. யாரு பேர வேணும்னாலும் எழுதிக்கலாமாம். உம் பேர எழுதிக்க. கற்பிட்டிக்குப் போ. எங்க ராத்தா வாசல்ல நின்னு, சலாஹுதீன் வந்திருந்தாரு, நாங்கதான் ஏத்தலன்னு சொல்லிக் கேளு. போன்ல கேக்காத, நேர்ல போயி கேளு. அவ பொருந்துனா நானும் பொருந்துறேன்."

தவ்ஃபீக் சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் கை நீளவில்லை. ரோட்டில் பெரியபட்டினம் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு புறப்பட்டும் போய்விட்டது. மர்ஜானா நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள்.