தலைகீழாகத் தொங்கியவர்

யோவிதா இரண்டு நாள்களாக வீட்டைப் புரட்டிப் போட்டிருந்தாள். பன்றியிறைச்சி முழுவதையும் அண்டை வீட்டுக் குளிர்பெட்டிக்கு அனுப்பினாள். கசகசாச் சுருள் சுடுவதற்கெனப் பன்றிக்கொழுப்புப் படாத புதிய தகடு வாங்கினாள். வரவிருந்தவர் லிலியானா வைஸ். கிராக்கோ நகரில் வாழும், பன்றியிறைச்சி தொடாத யூதப் பெண்மணி. அவருடைய தாத்தா, உலகப் போருக்கு முன்பு, எங்கள் ஊரான பியெலினாவில் கயிறு திரித்துப் பிழைத்தவர். அந்தப் போரோடு ஊரில் யூதர் எவரும் மிஞ்சவில்லை.

யூதக் கல்லறைத் தோட்டத்தின் சுவரில் எவனோ அருவருப்பான வாசகங்களை எழுதிவைத்த பிறகு நூலகர் தெக்லா தொடங்கியதே எங்கள் உரையாடல் வட்டம். மாதம் ஒரு ஞாயிறு, ஊர்க்காரர்களும் கிராக்கோவிலிருந்து வரும் யூதர்களும் எதிரெதிரே அமர்ந்து பேசுவோம். தொடக்கத்தில் அங்கிருந்து நால்வர் வந்தனர். பின்னர் லிலியானா மட்டுமே வந்தார். நகராட்சித் தலைவரோ நூலக அறையை அரைமனத்துடன் கொடுத்திருந்தார்.

"அவங்க வர்றது நின்னுபோச்சுன்னா அந்த அறையைச் சீட்டாடுறவங்களுக்குக் கொடுத்துருவேன், தெக்லா. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது" என்று முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டார். ஆகவே, லிலியானாவின் வருகையில்தான் வட்டத்தின் உயிர் இருந்தது. தெக்லா அதை ஒருபொழுதும் மறந்ததில்லை.

அம்மாதம் நூலகத்துக் கொதிகலன் பழுதாகி அறை குளிரில் உறைந்தது. "எங்க வீட்டுக்கு வாங்களேன்" என்று யோவிதாவே அழைத்தாள். ரொட்டிக்கடைக்காரியின் வீடு, சூட்டுக்குக் குறைவில்லை.

லிலியானா நடைக்கூடத்தில் மேலங்கியைக் கழற்றத் தொடங்கினார். ஒரு கை இன்னும் அங்கிக்குள்ளேயே இருக்க, அப்படியே நின்றுவிட்டார்.

வாசலுக்கு இடப்புறம், தாடி வைத்த முதிய யூதர் ஒருவர் நாணயம் எண்ணும் படம் தொங்கியது. எங்கள் ஊரில் அது இல்லாத வீடு அரிது. பணம் தங்கும் என்று திருமணத்துக்கும் புதுமனை புகுவதற்கும் பரிசாகக் கொடுப்பார்கள். சனிக்கிழமைதோறும் அதைத் தலைகீழாகத் திருப்பிவைத்தால், அவர் சேர்த்த காசெல்லாம் வீட்டுக்குள் கொட்டும் என்பது நம்பிக்கை. மறுநாள் நேராக்கிவிட வேண்டும். பரபரப்பில் யோவிதா அதை மறந்திருந்தாள். முதியவரின் தாடி கூரையை நோக்கியிருந்தது.

"இன்னைக்கு ஞாயிறாச்சே யோவிதா," என்றார் லிலியானா. "அவரை இன்னும் நிமித்தலையா?"

எல்லாரும் சிரித்தோம். விருந்தாளிக்கு வழக்கம் தெரிந்திருக்கிறது என்ற நிம்மதியில் சிரித்தோம். லிலியானா சிரிக்கவில்லை என்பது சற்றுப் பிந்தியே உறைத்தது.

"ஐயோ, மறந்தே போச்சு!" என்று யோவிதா படத்தை நோக்கி ஓடினாள்.

அவளுடைய கணவன் செவெரின் குறுக்கிட்டான். "விடு விடு. அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. எங்க வீட்டுக் காவல்காரரு அம்மா இவரு! எத்தன வருஷமா எங்களோட இருக்காரு! சொல்லப்போனா, இந்த ஊருல மிச்சமிருக்கிற ஒரே யூதர் இவருதான்!"

அவன் அதைப் பெருமையாகவே சொன்னான்.

"உண்மைதான் ஐயா," என்றார் லிலியானா. "அதனாலதான் கேக்குறேன். மிச்சமிருக்கிற ஒருத்தரையும் இப்படியா வெச்சிருக்கறது?"

யோவிதாவின் முகம் சிவந்தது. "உங்களுக்காகப் புதுத் தகடு வாங்கிச் சுட்டிருக்கேன். என்னைப் போயி யூத வெறுப்பு பிடிச்சவள்னு சொல்றீங்களே!"

"நான் அப்படிச் சொல்லலையே. உங்க சுருளையும் சாப்பிடத்தான் போறேன்."

"அதிர்ஷ்டத்துக்குத்தானே வெச்சிருக்கோம்? மரியாதையாத்தானே மாட்டியிருக்கோம்?"

"எங்க தாத்தா இந்த ஊருல கயிறு திரிச்சாரு. எண்ணிப் பாக்குற அளவுக்கு அவரு கையில காசு இருந்ததே இல்ல. அவரை யாரு இப்படி வரைவாங்க, சொல்லுங்க?"

லிலியானா சொன்னபடியே கசகசாச் சுருளைத் தின்றார், தேநீரும் குடித்தார். புறப்படும்போது கதவருகில் நின்று சொன்னார்: "அடுத்த மாசம் இந்தப் படத்தைப் பத்தியே பேசுவோம். வீட்ல வெச்சிருக்கிறவங்க எடுத்துட்டு வாங்க. ஒருத்தராவது கொண்டுவந்தாப் போதும். யாருமே கொண்டுவரலைன்னா, அதுதான் நான் கடைசியா வர்ற நாள். வெறும் நல்ல வார்த்தை பேசிட்டுப் போறதுக்கு இவ்வளவு தூரம் பயணம் எதுக்கு?"

அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. செவெரின் கெட்டவன் அல்லன். ஊராரும் கெட்டவர் அல்லர். கல்லறைச் சுவரில் எழுதியவனை அனைவரும் ஒரே குரலில் கண்டித்தோம். முகந்தெரியாதவனைக் கண்டிப்பதற்கு என்ன செலவு? தம் வீட்டு ஆணியில் தொங்கும் படத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் பியெலினாவுக்கு வேறு நாக்கு முளைத்தது.

"இன்னைக்குப் படத்தைக் கேப்பாங்க. நாளைக்கு அவங்க தாத்தா காலத்து வீட்டையே கேப்பாங்க, பாத்துக்க," என்றார் இறைச்சிக்கடையில் ஒருவர். "ஒரு தமாஷைத் தாங்கிக்க முடியலியாக்கும்!" என்றாள் தேவாலயத்திலிருந்து திரும்பிய ஒருத்தி. வட்டத்தில் மாதந்தோறும் எங்களோடு அமர்ந்து கண்ணீர் மல்கியவர்கள் இவர்கள்! தெக்லா வீடு வீடாக ஏறி இறங்கினாள். தேநீர் எங்கும் கிடைத்தது. படத்துடன் வருவதற்கு எவரும் இசையவில்லை.

யோவிதாவின் வீட்டுக்கு நானும் உடன் சென்றேன். செவெரின்தான் பேசினான்.

"எங்க வீட்டுப் படத்தை ஊர்வலம் விடவா? யோவிதா எங்கயும் வரமாட்டா. உங்க வட்டத்தை நீங்களே சுத்திக்குங்க!"

அவனுக்குப் பின்னால் யோவிதா மாவுக் கைகளுடன் நின்றாள். எங்களை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

குறித்த ஞாயிறும் வந்தது. கொதிகலன் சீராகியிருந்தது. தெக்லா வழக்கம்போல் நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். லிலியானா வந்தமர்ந்தார். நாங்கள் மூவரே இருந்தோம். கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்று மூவருமே உறுதிபூண்டவர்கள்போல் சன்னலை நோக்கிக்கொண்டிருந்தோம். நகராட்சித் தலைவர் ஒருமுறை கதவைத் திறந்து, காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டு போனார்.

"நான் கிளம்பட்டுமா தெக்லா?" என்று லிலியானா கேட்டார். தெக்லா காலி நாற்காலி ஒன்றை வட்டத்துக்குள் இன்னும் சற்று இழுத்துப் போட்டாள்.

அப்போது யோவிதா வந்தாள். கையில் மாவுச் சாக்கில் சுற்றிய சட்டகம். மூச்சு வாங்கியது.

"மன்னிப்புக் கேக்க வரல," என்றாள் நின்றபடியே. "சண்டை போட வந்திருக்கேன். நான் கெட்டவ இல்ல."

"உக்காருங்க," என்றார் லிலியானா. "சண்டை போடத்தானே இத்தனை நாற்காலி?"

யோவிதா சாக்கைப் பிரித்துப் படத்தை மேசைமேல் கிடத்தினாள். அவளுக்கு நேராகவும் லிலியானாவுக்குத் தலைகீழாகவும் அது கிடந்தது. அதைக் கண்டுகொண்ட யோவிதா திருப்பிவைக்கக் கை நீட்டினாள். பிறகு, எப்படி வைப்பதென்று தெரியாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"செவெரினுக்குத் தெரியுமா?" என்று தெக்லா கேட்டாள்.

"கழட்டும்போதே பாத்துட்டாரு. நேரா சந்தைக்குப் போயி புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்து அதே ஆணியில மாட்டிட்டாரு."

"நேராவா, தலைகீழாவா?" என்றார் லிலியானா.

"இன்னைக்கு ஞாயிறு. நேராத்தான்."

"வர்ற சனிக்கிழமை?"

யோவிதா நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேச்சு நடுவில் நகராட்சித் தலைவர் மறுபடி எட்டிப்பார்க்காதபடி, தெக்லா எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து அமர்ந்தாள்.