அழிக்க வேண்டிய படம்

மணப்பெண் அலங்காரம் செய்கிற பஸ்லியாவின் லெப்டொப், எந்த நேரத்தில் படுக்கக்கூடாதோ அந்த நேரம் பார்த்துப் படுத்துவிட்டது. திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றும். சுற்றிக் களைத்ததும் நீலத்திரை வரும். பிறகு மறுபடியும் புள்ளிகள். அன்று காலையில்தான் அட்டாளைச்சேனையிலிருந்து ஹுஸ்னியா அழைத்திருந்தாள்.

"ராத்தா, என்ட கலியாணத்தண்டு உம்மா எனக்குப் பக்கத்துல இரிக்க நீங்க ஒரு போட்டோ எடுத்தீங்களே. நான் அதப் பாக்கவே இல்ல. எனக்கு அது வேணும் ராத்தா. ஐடென்டிகாட்டுல இரிக்கிற படம் உம்மா மாதிரியே இல்ல."

ஹுஸ்னியாவின் உம்மா ஸகியா மௌத்தாகி, அடக்கம் நடந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. பஸ்லியா "ஓம் புள்ள, தேடிப் பாக்கன்" என்று சொல்லிவிட்டாள். தேடுவதற்கு ஒன்றுமில்லை. படம் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அந்தக் கலியாணத்தில் பெண்கள் பக்கம் படம் எடுக்கவே விடவில்லை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்து, வந்த பெண்களின் போன்களையெல்லாம் வாங்கிப் போட்டார்கள். அறைக்குள் இருந்த ஒரே கெமரா பஸ்லியாவுடையது, அதுவும் தன் வேலையைப் படம் பிடித்து வைக்க. கெமராவைக் கண்டால் வாழ்நாள் முழுக்கக் கதவுக்குப் பின்னால் ஒளிந்த ஸகியா மாமி, அன்றைக்கு என்ன நினைத்தாரோ, மகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முக்காடு தோளில் கிடந்தது. "ஒண்டே ஒண்டு எடுகா" என்றார். எடுத்து முடிந்ததும் பஸ்லியாவின் மணிக்கட்டைப் பிடித்து, மகளுக்குக் கேட்காத தூரத்துக்கு இழுத்துப் போனார்.

"மகள் பாத்த பொறகு அழிச்சிரு புள்ள. இது ஒனக்கிட்ட அமானிதம்."

அமானிதம் என்றால் சும்மாவா? நம்பி ஒப்படைத்த பொருளுக்கு நாளை மறுமையில் கேள்வி உண்டு. பஸ்லியா தலையாட்டினாள். அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று வீடே அமளிப்பட்டது. மகள் படத்தைப் பார்க்கவில்லை. பஸ்லியா அதை 'அழிக்க' என்று ஒரு போல்டருக்குள் போட்டு வைத்தாள், பிறகு அடுத்த கலியாணம், அதற்கடுத்த கலியாணம். சோம்பல் பாதி, மனம் வராதது பாதி. மாமி மௌத்தான செய்தி வந்த பிறகு அந்தப் போல்டரின் பக்கம் போகவே அவளுக்குப் பயமாக இருந்தது.

இப்போது லெப்டொப் தானாகவே படுத்துவிட்டது. எல்லாம் அழிந்துபோய்விட்டது புள்ள என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழியை யந்திரம் ஏற்றுக்கொள்ளும். கல்முனைக்குப் போகிற வழியெல்லாம் பஸ்லியா இதையே நினைத்துக்கொண்டு போனாள்.

திருத்துகிற கடை ஜவுபருடையது. அவர் லெப்டொப்பை இரண்டு தரம் போட்டுப் பார்த்தார்.

"வின்டோஸத் திரும்பப் போடணும் தங்கச்சி. படம், பைல் எல்லாம் எங்க வெச்சிரிக்கிங்க?"

"டெஸ்க்டொப்புல காக்கா."

ஜவுபர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இந்த ஊர்ல ஆருமே வேற இடத்துல வைக்கமாட்டிங்களா? கண்ணுக்கு முன்னால இரிந்தா பத்திரம் எண்டு நெனப்பு. அதுவும் சீ டிரைவுக்குள்ளதான் இரிக்கி. வின்டோஸத் தொடச்சா அதுவும் சேந்து போகும். தொடைக்க முதல் கேட்டா எடுத்துத் தருவன். தொடச்ச பொறகு என்னட்டக் கேக்கப்புடா."

"அதுக்குள்ள பொண்டுகள்ட படம் காக்கா. ஆம்புள கண்ணுல காட்டமாட்டன் எண்டு சொல்லித்தான் எடுத்த."

அவர் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார். தன் பென்ட்ரைவ் ஒன்றைச் செருகினார். பழுதான வின்டோஸைத் தொடாமல், பென்ட்ரைவிலிருந்தே லெப்டொப் எழும்பியது. போல்டர்களைத் திறக்கும் முன் எதையோ ஒரு தட்டுத் தட்டினார்.

"இனிப் படம் வராது, பேர் மட்டும்தான் வரும். எனக்கும் பொம்புளப் புள்ளகள் இரிக்கி."

நிந்தவூர், மருதமுனை, வரிப்பத்தான்சேனை என்று மணப்பெண்களெல்லாம் வெறும் ஊர்ப்பெயர்களாக வரிசையில் நின்றார்கள். ஜவுபர் ஒவ்வொரு போல்டராக, பஸ்லியா வாங்கிய புது வெளி ஹார்ட்டிஸ்குக்குக் கொப்பி பண்ணினார். பஸ்லியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை.

"தங்கச்சி, 'அழிக்க' எண்டு ஒரு போல்டர். ஒரே ஒரு படம். எடுக்கிறதா, உடுறதா?"

விடுங்க என்று சொன்னால் முடிந்தது. மாமிக்குக் கொடுத்த வாக்கு ஜவுபரின் கையால் நிறைவேறிவிடும். ஹுஸ்னியாவிடம் பொய் சொல்லவும் தேவையில்லை. எல்லாம் இவ்வளவு வசதியாக அமைந்ததில் பஸ்லியாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. மாமி வெறுமனே அழிக்கச் சொல்லவில்லையே! மகள் பார்த்த பிறகு என்றல்லவா சொன்னார்? வாக்கில் பாதியைத் தொலைத்துவிட்டு மீதிப் பாதிக்கு இத்தனை நாளாகப் பயந்திருக்கிறாள்.

"எடுங்க காக்கா."

"அழிக்க எண்டு போட்டிரிக்கே?"

"பாக்க வேண்டிய ஆள் இன்னும் பாக்கல்ல."

ஜவுபர் அதையும் கொப்பியில் போட்டார். எல்லாம் ஏறி முடிந்ததும் எழும்பித் தெருப்பக்கம் திரும்பி நின்றார். "ஒண்டத் தொறந்து பாருங்க, சரியா வருதா எண்டு. பாக்காமத் தொடைக்கிறது என்ட பழக்கமில்ல."

பஸ்லியா ஸகியா மாமியைத் திறந்தாள். படம் அப்படியே இருந்தது. அதை மூடிவிட்டு, "ஓம் காக்கா, தொடைங்க" என்றாள்.

மறுநாள் ஹுஸ்னியா வந்தாள். பஸ்லியா அறைக்கதவைச் சாத்தி, படத்தைக் காட்டும் முன்னால் மாமி சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். ஹுஸ்னியாவின் முகம் வாடிப்போனது.

"அழிக்கவா சொன்னா?"

"நீ பாத்த பொறகு."

படம் திறந்தது. பக்கத்தில் பொன்னும் பூவுமாகத் தானே இருப்பதை ஹுஸ்னியா பார்த்ததாகத் தெரியவில்லை.

"உம்மாக்கு இந்தப் பக்கம் பல்லு இல்ல ராத்தா. சிரிச்சா எப்பவும் வாயப் பொத்துவா. இதுல பொத்தவே இல்ல."

பஸ்லியா மவுஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். "இனி இந்த அமானிதம் ஒன்ட கையிலகா."

ஹுஸ்னியா மவுஸைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"அழிப்பம் ராத்தா," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "நான் இன்னும் பாத்து முடியல்ல."